அயர்லாந்து ஊர்ப்பெயர்கள்: உங்களுக்கு வாய்த்த கதையைச் சொல்லுங்கள்

கிளேர் செவிலி:

கிராமப்புறத்தில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனிக்கும் வேலை எனக்கு. முகவரித் தாளில் கதவு எண்ணும் இருக்காது, தெருப்பெயரும் இருக்காது. ஆள் பெயர், கீழே 'டவுன்லேண்ட்' எனும் மிகச் சிறிய நிலப்பிரிவின் பெயர், அப்புறம் கவுன்டி, அதாவது மாவட்டம். டவுன் என்கிறார்களே என்று போய்ப் பார்த்தால் நாலு வயல், ஒரு கொட்டகை, வேலி தாண்டி எட்டிப் பார்க்கும் மாடு. நாடு முழுக்க இப்படி 60,000க்கும் மேலே இருக்கின்றன. 2015இல் எயிர்கோட் வந்து வீட்டுக்கு வீடு தனிக் குறியீடு கொடுத்தார்கள். அதுவரை தபால்காரரின் ஞாபகசக்திதான் எல்லாம்.

நான் போகும் வீடுகளில் ஒன்று 'லிஸ்' என்று தொடங்கும் ஊரில் இருக்கிறது. அந்த ஊரில் எது லிஸ் என்று பெரியவரிடம் கேட்டேன். ஜன்னல் பக்கம் கூப்பிட்டு வயலைக் காட்டினார். வட்டமாக ஒரு மண்கரை, அதன்மேல் முள்மரங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் வீட்டையும் மாட்டையும் காக்க எழுப்பிய கரை அது. அதைத்தான் லிஸ் என்கிறார்கள். சில இடங்களில் 'ராத்' என்றும் வரும். இவற்றைத் தேவதைகளின் இடமாக நினைத்ததால் தலைமுறை தலைமுறையாக யாரும் கை வைக்கவில்லை. பெரியவர் வயலிலும் டிராக்டர் தடம் நேராக வந்து கரையருகே வளைந்து, சுற்றிக்கொண்டு மறுபடி நேராகிறது. பயமா என்றதற்கு, "அங்கே மண் சரியில்லை" என்று சொல்லிவிட்டு டீ கேட்டார்.

இதே கவுன்டியில் 1999இல் புதுச் சாலை போட்டபோது, லாட்டூன் என்ற இடத்தில் தேவதை மரம் என்று சொல்லப்படும் ஒரு முள்மரத்தை வெட்டக்கூடாது என்று உள்ளூர்க் கதைசொல்லி ஒருவர் கொடி பிடித்தார். மரத்தை விட்டுவிட்டுத்தான் சாலை போட்டார்கள்.

டப்ளின் வாசி:

அக்கா, நகரத்திலும் இதே கதைதான், தோண்டினால் கிடைக்கிறது. பழைய கார் ஒன்று வாங்கினேன். நம்பர் பிளேட்டின் மேலே பொடி எழுத்தில் ஏதோ நீளமாக இருந்தது. 'பல்யே ஆஹா க்ளீயா' என்று விற்றவர் வாசித்துக் காட்டினார். அயர்லாந்தின் சொந்த மொழியான ஐரிஷில் டப்ளினின் பெயர் அது: தட்டி போட்ட ஆற்றுத்துறையின் ஊர். லிஃபி ஆற்றின் சேற்றில் கால் புதையாமல் இருக்கக் கழிகளைப் பின்னித் தட்டியாகப் போட்டுக் கடந்திருக்கிறார்கள்.

அப்படியானால் டப்ளின்? அதுவும் ஐரிஷ்தான். 'டுவ்' கறுப்பு, 'லின்' குளம். பாடில் என்ற சிற்றாறு லிஃபியில் சேரும் இடத்தில் கறுப்பாகத் தேங்கி நின்ற குளம். இப்போது அந்த இடத்தில் டப்ளின் கோட்டையின் பின்புறத் தோட்டம் இருக்கிறது. பாடில் தரைக்கடியில் ஓடுகிறது. மேலே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

எனக்குப் பிடித்தது பூட்டர்ஸ்டவுன். டார்ட் ரயிலில் போகும்போதெல்லாம் யாரோ பூட்டர் என்ற துரையின் ஊர் என்றுதான் தோன்றும். பூட்டரும் இல்லை, துரையும் இல்லை. 'போஹர்' என்றால் சாலை, அதன் ஊர். அந்தச் சொல்லுக்குள்ளே 'போ', அதாவது பசு இருக்கிறது. பழைய ஐரிஷ் சொல்விளக்க நூல் ஒன்று, ஒரு பசு நீளவாக்கிலும் ஒரு பசு குறுக்காகவும் நிற்க இடமிருந்தால் அது போஹர் என்று அளவே சொல்கிறது!

மேனூத் மாணவி:

ஐரிஷ் ஊர்ப்பெயர்களின் எழுத்து ஏன் இப்படிச் சிதைந்தது என்பதற்கு என் பங்கு. 1824இல் நில வரி மதிப்பீட்டுக்காக நாடு முழுவதையும் அளக்க ஆரம்பித்தார்கள். அளந்தது பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்கள், பேசியது ஐரிஷ் குடியானவர்கள். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் போடும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஒரே ஊர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு மாதிரி. இதைச் சீராக்க 1830இல் ஜான் ஓ'டோனவன் என்பவரை வேலைக்கு எடுத்தார்கள். கில்கென்னிக்காரர், ஐரிஷ் நன்றாகத் தெரியும். ஊர் ஊராகப் போய்க் கிழவர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, மழையையும் மோசமான தங்குமிடத்தையும் திட்டிக்கொண்டே தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

வகுப்பில் எனக்குக் கிடைத்தது 'கில்' என்று தொடங்கும் ஒரு டவுன்லேண்ட். தேவாலயம் என்றாலும் கில், காடு என்றாலும் ஆங்கில எழுத்தில் பெரும்பாலும் கில்தான். கில்டேர் என்றால் சந்தேகமில்லை, ஓக் மரத்தடித் தேவாலயம், புனித பிரிஜித்தின் இடம். என்னுடையதில் தேவாலயமும் இல்லை, மரமும் இல்லை, முழுக்கப் புல்வெளி. பக்கத்து வீட்டம்மா ஒரு மேட்டைக் காட்டி, அங்கே ஞானஸ்நானம் ஆகாத குழந்தைகளைப் புதைப்பார்கள் என்றார். இடிந்துபோன பழைய தேவாலய இடங்களில்தான் அப்படிப் புதைப்பது வழக்கம். ஆசிரியர் அதை ஒரு சான்றாக ஏற்றுக்கொண்டார்.

சுற்றுலா வந்தவன்:

2000களின் கடைசியில் டிங்கிள் தீபகற்பம் போனோம். வரைபடத்தில் டிங்கிள், சாலைப் பலகையில் 'அன் டைங்கன்'. சில பலகைகளில் யாரோ பெயின்டால் டிங்கிள் என்று எழுதி வைத்திருந்தார்கள். தங்கின விடுதிக்கார அம்மா காலை உணவோடு கதையையும் பரிமாறினார். ஐரிஷ் பேசும் பகுதிகளில் ஐரிஷ் பெயர் மட்டும்தான் என்று 2005இல் அரசு உத்தரவு அமலானது. ஆஃபலி கவுன்டியிலும் டைங்கன் என்று ஓர் ஊர் இருக்கிறது, வண்டிகள் அங்கே போய்விட்டால் எங்கள் பிழைப்பு என்னாவது என்பது வியாபாரிகள் கவலை. 2006இல் வாக்கெடுப்பு, இரண்டு பெயரும் வேண்டும் என்று பெருவாரியாகப் போட்டார்கள். சட்டப்படி தீர்ந்தது 2011இல்தான். அந்த அம்மா வீட்டிலேயே ஐரிஷ்தான் பேசுகிறார். ஆனாலும் டிங்கிளும் வேண்டும் என்றுதான் வாக்களித்தாராம்.

கார்க்கிலிருந்து:

எங்கள் பக்கத்துக் கோவ் துறைமுகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1849இல் விக்டோரியா ராணி வந்து இறங்கியதும் குயின்ஸ்டவுன் ஆக்கினார்கள். 1912இல் டைட்டானிக் கடைசியாக நின்றது அந்தப் பெயரில்தான். அப்புறம் ராணியை எடுத்துவிட்டு ஐரிஷ் எழுத்தில் கோவ் என்று வைத்தார்கள். ஆனால் ஐரிஷில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. குடாவுக்கான ஆங்கிலச் சொல்லுக்கு ஐரிஷ் உடுப்பு மாட்டியது, அவ்வளவுதான்.

லாரி ஓட்டுநர்:

டொனிகாலிலிருந்து வாரம் தவறாமல் எல்லை தாண்டி, பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்துக்குப் போகிறேன். இந்தப் பக்கத்துப் பலகையில் டெரி, அதாவது ஓக் தோப்பு. அந்தப் பக்கம் போனதும் லண்டன்டெரி. 1613இல் லண்டன் வணிகச் சங்கங்களுக்கு நகரத்தைக் கொடுத்தபோது ஒட்டிய லண்டன் அது. பல பலகைகளில் அந்த முன்பாதியை மட்டும் பெயின்டால் அழித்திருப்பார்கள். புதுப் பலகை வைத்தால் அதிலும் அழிப்பார்கள். இரண்டு பெயரையும் சேர்த்து டெரி/லண்டன்டெரி என்று எழுதும்போது நடுவில் போடும் சாய்கோட்டையே (ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரோக்') பிடித்து, உள்ளூர் வானொலிக்காரர் ஒருவர் 'ஸ்ட்ரோக் சிட்டி' என்று பெயர் வைத்தார். சரக்கு இறக்கும் இடத்தில் முதல் முறை போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன்: எதிரே நிற்பவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள், வண்டி சீக்கிரம் காலியாகும்.