‘டெம்பரமென்ட்’: ‘சமச்சுருதி’க்கு மாற்றாக ‘எச்சப்பகிர்வு’

வணக்கம்.

இசையில் சுர இடைவெளிகளைச் சற்றே மாற்றிச் சுருதி சேர்க்கும் முறையை ஆங்கிலத்தில் ‘டெம்பரமென்ட்’ (temperament) என்பர். அதற்குத் தமிழ்ச்சொல்லாக முன்வைக்கப்பட்டுள்ள ‘சமச்சுருதி’யை ஏற்க எனக்கு இரண்டு தடைகள் உள்ளன. சுருதி என்ற சொல் ஆதார ஒலியையும் நுண்ணிய சுர இடைவெளியையும் ஏற்கெனவே சுமந்து நிற்கிறது. அதைவிடப் பெரிய தடை, சமமல்லாத டெம்பரமென்ட்டுகளும் உண்டு என்பதே.

சட்ஜத்தோடு ஒப்பிட்டால் பஞ்சமத்தின் அதிர்வெண் விகிதம் 3/2. ஸ்தாயியின் விகிதம் 2. பன்னிரண்டு பஞ்சமங்கள் ஏறினால் ஏழு ஸ்தாயி மேலுள்ள சட்ஜத்தை மிக நெருங்கிவிடுகிறோம். ஆனால் மூன்றின் அடுக்குகள் ஒற்றை எண்கள், இரண்டின் அடுக்குகள் இரட்டை எண்கள் ஆதலால், எத்தனை பஞ்சமம் ஏறினாலும் இரண்டும் பொருந்தப்போவதில்லை. 531441/524288 என்ற விகிதம் மிஞ்சுகிறது; ஸ்தாயியை 1200 கூறாக்கும் செண்ட் அலகில் (நில அளவையின் செண்ட் அன்று) இது ஏறத்தாழ 23.46. ஆங்கிலத்தில் ‘comma’ எனப்படும் இதைக் ‘காமா’ என்றே எழுதினால் கிரேக்க எழுத்தோடு குழம்பும். ‘மிகை’ என்பதும் முழுதும் பொருந்தாது; 5/4 விகிதமுள்ள அந்தர காந்தார இடைவெளியை மூன்று முறை அடுக்கினால் ஸ்தாயிக்கு 41 செண்ட் குறைகிறதே தவிர மிகுவதில்லை. மிகுந்தாலும் குறைந்தாலும் நடுவே எஞ்சுவது என்ற பொருளில் ‘சுர எச்சம்’ எனலாம். இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

டெம்பரமென்ட் என்பது இந்த எச்சத்தைச் சுர இடைவெளிகளுக்குள் பங்கிட்டுக் கரைக்கும் செயல். ஆகவே ‘எச்சப்பகிர்வு’ என்பதே என் முன்மொழிவு. ஒவ்வொரு பஞ்சமத்தையும் 1.955 செண்ட் குறைத்துப் பன்னிரண்டுக்கும் ஒரே பங்கு தருவது ‘சம எச்சப்பகிர்வு’. அங்கே அடுத்தடுத்த சுரங்களின் விகிதம் இரண்டின் பன்னிரண்டாம் மூலம், அதாவது 1.05946. அதற்கு விலையாக அந்தர காந்தாரம் 13.7 செண்ட் ஏறிவிடுகிறது. மாறாக, நான்கு பஞ்சமம் ஏறிப் பெறும் காந்தாரத்துக்கும் 5/4-க்கும் இடையே எஞ்சும் 81/80 என்ற வேறோர் எச்சத்தில் கால் பங்கை ஒவ்வொரு பஞ்சமத்திலும் குறைத்தால் காந்தாரம் துல்லியமாக 5/4 ஆகிறது. இதனைக் ‘கால் எச்சப்பகிர்வு’ எனலாம். ‘சமச்சுருதி’யிலிருந்து இப்படியொரு கிளைச்சொல்லைப் பெற வழியில்லை.

பதினொரு பஞ்சமங்களைத் தூயனவாக விட்டு, பன்னிரண்டாவதன் தலையில் முழு எச்சத்தையும் கட்டும் பைதாகரஸ் முறையில் பகிர்வே இல்லை. அதைத் ‘தூயபஞ்சம முறை’ எனத் தனியே பெயரிடுவது நல்லது. ‘சுர எச்சம்’ என்பதைப் பிரித்தே எழுதலாமா, ‘சுரவெச்சம்’ எனப் புணர்த்த வேண்டுமா என்பதை அறிந்தோர் கூறுக.