ஸ்பீக்கரை மாற்றப் போனவன் ஃபைலை மாற்றினேன்

கார் வாங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரு குறை. வீட்டில் ஹெட்ஃபோனில் புல்லரிக்க வைக்கிற பாட்டு, காரில் போட்டால் போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். வயலின்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும், ஜால்ரா சத்தம் 'ஸ்ஸ்ஸ்' என்று இரையும். காரோடு வந்த ஸ்பீக்கர் இவ்வளவுதான் என்று முடிவு கட்டி, புது செட் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் பழைய ஆடியோ சிடி ஒன்று கையில் கிடைத்தது. போட்டேன். மிருதங்கத்தின் கும்கி வரை தனியாகக் கேட்டது! அதே ஸ்பீக்கர், அதே ஸ்டீரியோ. அப்படியென்றால் கோளாறு அதற்கு முன்னாலேயே இருக்கிறது.

போனைத் திறந்து பார்த்தால், பாட்டு ஆப்பில் டேட்டா மிச்சம் பிடிக்கும் அமைப்பு ஆனில் கிடந்தது. அதை அணைத்துத் தரத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். பென் டிரைவில் இருந்ததெல்லாம் 128 கேபிபிஎஸ் எம்பி3, அதாவது நொடிக்கு 128 கிலோபிட். சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் ஓடுகிறது, எம்பி3-யில் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். எம்பி3 முதலில் காதுக்கு எட்டாததைத்தான் கழிக்கும், ஆனால் இவ்வளவு சுருக்கினால் எட்டுவதிலும் கை வைக்க வேண்டிவரும். அந்த ஜால்ரா இரைச்சல் பிறந்தது அங்கேதான். அந்த ஃபைல்களையே, எதையும் கழிக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தேன், ஃபைல் பெருத்ததே தவிர சத்தம் மாறவில்லை. போனது போனதுதான். சிடிகளிலிருந்து மறுபடி ஃபிளாக்கில் எடுத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம் ப்ளூடூத். ஏற்கெனவே சுருக்கிய பாட்டை அது இன்னொரு முறை சுருக்கி அனுப்புகிறது. ஆண்ட்ராய்டு போனின் டெவலப்பர் ஆப்ஷனில் பார்த்தபோது என் ஸ்டீரியோ எஸ்பிசி கோடெக்கில்தான் (ப்ளூடூத்தின் அடிப்படைச் சுருக்கு முறை) இணைந்திருந்தது. பேச்சு கேட்க அது போதும். பாட்டுக்கு இப்போது யூஎஸ்பிதான். பென் டிரைவை ஃபேட்32 என்கிற ஃபைல் அமைப்பில் ஃபார்மேட் செய்த பிறகே ஸ்டீரியோ படித்தது.

போனையும் ஸ்டீரியோவையும் நேராக இணைக்கும் ஆக்ஸ் கேபிளையும் விடவில்லை. போனைக் காரிலேயே சார்ஜில் போட்டுக்கொண்டு ஆக்ஸில் கேட்டால் 'ஙொய்ய்ங்' என்று ஒரு சத்தம், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும். சார்ஜரைப் பிடுங்கினேன், அமைதி. இது கிரவுண்ட் லூப்: சார்ஜர் வழியாகவும் ஆக்ஸ் வழியாகவும் கிரவுண்ட் இணைப்பு ஒரு வளையமாகி, காரின் மின் இரைச்சல் பாட்டில் கலக்கிறது. சார்ஜ் போட்டபடியே கேட்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட வேண்டும்.

ஈக்வலைசரில் ஏற்றி வைத்திருந்த பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். புது ஸ்பீக்கர் வாங்கவே இல்லை.

* * *

(இதைப் படித்த ஒருவரின் பதில்) உங்கள் சிடி சோதனையை நானும் செய்தேன். என் காரில் சிடியிலும் பேஸே இல்லை. இடது, வலது ஸ்பீக்கர் அளவைச் சரிசெய்யும் பேலன்ஸை ஒரே பக்கம் திருப்பினால் பேஸ் வருகிறது, நடுவில் வைத்தால் காணோம்!

கதவு பேனலைக் கழற்றி, ஸ்பீக்கர் வயரை ஸ்டீரியோவிலிருந்து பிரித்து, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். பிளஸ் வயரில் பிளஸ்ஸை வைத்தால் கூம்பு வெளியே துள்ள வேண்டும். இடது கதவில் துள்ளியது, வலது கதவில் உள்ளே போனது. முன்பு ஸ்பீக்கர் மாட்டியவர் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒன்று காற்றைத் தள்ள, மற்றது இழுக்க, பேஸ் அடிபட்டுப் போயிருக்கிறது. வயரை மாற்றி மாட்டியதும், தவிலின் முதல் அடியிலேயே கதவு அதிர்ந்தது.