புதுப்பிப்பு: எடை குறைந்து பிறந்த மகளின் சிறுநீரகம்

37 வாரத்தில் 1,900 கிராம் எடையுடன் பிறந்த எங்கள் மகளுக்கு இரண்டாம் நாள் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்) 0.9 என்று வந்ததால், கருப்பையில் வளர்ச்சி குன்றியது சிறுநீரகத்தையும் பாதித்துவிட்டதா என்று முன்பு கேட்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் அது 0.4 ஆக இறங்கிவிட்டது. பிறந்தவுடன் குழந்தையின் இரத்தத்தில் இருக்கும் கிரியேட்டினின் பெரும்பாலும் நச்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வந்தது என்பதால், ஒற்றை எண்ணைவிட அது இறங்கும் போக்கே முக்கியம் என மருத்துவர் விளக்கினார். நான் பயந்தது என் மனைவியின் கிரியேட்டினினைப் பார்த்துத்தான் போலும். செவிலியரோ ஒவ்வொரு டயப்பரையும் எடை போட்டு, கிலோவுக்கு மணிக்கு 1 மில்லிலிட்டராவது சிறுநீர் வருகிறதா என்பதையே கவனித்துக் குறித்துவந்தார்.

ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. இரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்களில் பாதிக்கு மேற்பட்டவை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் உருவாகின்றன. ஏறத்தாழ 36 வாரத்தோடு அந்த வேலை நின்றுவிடுகிறது. நச்சுக்கொடியின் இரத்த ஓட்டம் குறையும்போது சிசுவின் உடல் மூளைக்கும் இதயத்துக்கும் முன்னுரிமை தந்து சிறுநீரகத்தின் பங்கைக் குறைப்பதால், குழந்தை குறைந்த நெஃப்ரான்களுடனேயே பிறக்கக்கூடும். இருப்பவை கூடுதல் சுமையை ஏற்றுப் பெரிதாகின்றன. பிற்காலத்தில் இதுவே உயர் இரத்த அழுத்தத்துக்கு வழிவகுக்கலாம் என்ற கருத்தை 1988இல் சிறுநீரக ஆய்வாளர் பிரென்னரின் குழுவினர் முன்வைத்தனர். கிரியேட்டினின் இயல்பாக இருப்பது நெஃப்ரான்களின் எண்ணிக்கையைக் காட்டிக்கொடுக்காது.

ஆகவே வழக்கம்போல் மூன்று வயது வரை காத்திராமல் இரத்த அழுத்தத்தை அளக்கவும், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய இப்யூபுரூஃபன் போன்ற வலி மருந்துகளைக் கேட்காமல் கொடுக்காதிருக்கவும் அறிவுறுத்தியுள்ளனர். அடுத்த பரிசோதனை ஆறாம் மாதத்தில்.