ஏணி ஒன்று, ஆள் முந்நூறு: கோட்டை முற்றுகையில் விளையாட்டுகள் எங்கே சறுக்குகின்றன

மவுண்ட் அண்ட் பிளேட் வார்பேண்ட் என்ற கணினி விளையாட்டில் கோட்டை பிடிக்கப் போகும்போது முதலில் கவனிக்க வேண்டியது, அது ஏணி வைக்கிற கோட்டையா, மரக்கோபுரம் தள்ளுகிற கோட்டையா என்பதைத்தான். ஏணி சில மணி நேரத்தில் தயாராகிவிடும். கோபுரத்துக்கு நாள்கணக்கில் ஆகும். இன்ஜினியர் திறன் கூடினால் நேரம் குறையும். எதுவாக இருந்தாலும் பெரும்பாலான கோட்டைகளில் மதிலேற வழி ஒன்றே ஒன்று, சிக்கல் முழுவதும் அங்கேதான்.

கடைசிப் படியில் கால் வைக்கிறவனை மேலே நிற்பவர்கள் மூன்று பக்கமிருந்தும் வெட்டுகிறார்கள். அவன் விழுந்த இடத்தில் அடுத்தவன் வந்து நிற்கிறான். கீழே இருநூறு பேர் நெருக்கியடித்து நின்றாலும் ஒரு நேரத்தில் சண்டை போடுவது அந்த ஒருவன்தான். யார் முன்னே போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை. அம்பு தீர்ந்த வில்லாளி கத்தியை உருவிக்கொண்டு முதல் ஆளாக ஏறிவிடுவான்.

செய்ய வேண்டியது: சண்டை தொடங்கியதும் வில்லாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஏணிக்குப் பக்கவாட்டில், மதிலின் மேல்விளிம்பு தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். காலாட்களை அம்பு எட்டாத தூரத்துக்குப் பின்னால் கொண்டுபோங்கள். ரோடாக் நாட்டுக் குறுக்குவில்காரர்கள் இருந்தால் இந்த வேலைக்கு அவர்கள்தான் சரி. ஏணித் தலைப்பில் கூட்டம் மெலிந்த பிறகு நார்ட் நாட்டு ஹஸ்கார்ல் போன்ற பெரிய கேடயக்காரர்களை முதலில் விடுங்கள். குதிரைவீரர்களும் இங்கே இறங்கி நடந்துதான் வருவார்கள். கனத்த கவசம் இருப்பதால் இரண்டாவது வரிசைக்கு ஆவார்கள்.

* * *

இதே வரிசையின் அடுத்த விளையாட்டான பேனர்லார்டில் வழிகள் கூடியிருக்கின்றன: கதவுக்கு ஓர் இடிமரம், இரண்டு முற்றுகைக் கோபுரங்கள், சாதாரண ஏணிகள், கல்லெறி எந்திரங்களுக்கு நான்கு இடங்கள். இதில் பலர் செய்கிற தவறு, எந்திரம் கட்டி முடிந்ததும் அதை அப்படியே நின்று சுட விடுவது. ஒன்றே ஒன்று நின்றால் மதில் மேலிருக்கும் எல்லா எந்திரங்களும் அதையே குறிவைத்து நொறுக்கிவிடும். நாள்கணக்கான வேலை போச்சு.

சரியான முறை இது. முகாம் முழுதாக முடியட்டும். முதல் இடத்தில் ட்ரெபுஷே என்ற பெரிய கல்லெறி எந்திரத்தைக் கட்டத் தொடங்குங்கள். முடியப்போகும் நேரத்தில் கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். முடிந்த உடனே அதன் மேல் தட்டி ரிசர்வுக்கு, அதாவது களத்தில் இறக்காத இருப்புக்கு, அனுப்புங்கள். இப்படி நான்கு சேர்ந்த பிறகு நான்கையும் ஒன்றாக இறக்குங்கள். எதிரியின் எந்திரங்கள் ஒழிந்ததும் கற்கள் மதில் பக்கம் திரும்பும். இடிபடக்கூடிய மதில் பகுதி இரண்டு. இரண்டும் விழுந்தால் கோபுரமே வேண்டாம், இடிபாடு வழியாக நடந்தே போகலாம்.

ஆனால் எந்த ஊரானாலும் இடிவது அந்த இரண்டு பகுதிகள்தான். அதற்கு ஒரு கை தள்ளி எத்தனை கல் விழுந்தாலும் மதிலில் கீறல்கூட இருக்காது. கோபுரத்தினுள் மூன்று ஏணிகள் இருக்கும். ஆரம்பப் பதிப்புகளில் மொத்தப் படையும் ஒன்றில் மட்டும் வரிசை கட்டி நின்றது. இடிமரம் வெளிக்கதவோடு சரி. உள்கதவை ஆட்கள்தான் வெட்டி உடைக்க வேண்டும், அதுவரை தலைக்கு மேல் கல் விழும். இன்னொன்று: எந்திரம் தள்ளுகிறவர்களுக்கு எஃப்1, எஃப்3 அழுத்திப் பாய்ச்சல் கட்டளை கொடுத்தால் அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். எஃப்6 அழுத்திப் பொறுப்பைத் துணைத் தளபதிகளிடம் விடுவதே மேல்.

* * *

நிஜத்தில் மதிலை உடைத்தது பற்றி. 1215இல் இங்கிலாந்தின் ஜான் மன்னர் ராச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டது ஏழு வாரம். கல்லெறி எந்திரங்களால் ஆகவில்லை. நடுக்கோட்டையின் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மேலே இருக்கும் சுவரை மரத்தூண்களால் தாங்கி நிறுத்தினார்கள். நவம்பர் 25 அன்று மன்னர் ஓர் ஆணை அனுப்பினார்: தின்ன உதவாத, நன்றாகக் கொழுத்த 40 பன்றிகளை அனுப்பி வை. அந்தக் கொழுப்பில் தூண்கள் எரிந்து தென்கிழக்கு மூலை சரிந்தது. அப்போதும் உள்ளே இருந்தவர்கள் பணியவில்லை. கட்டடத்தை இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச்சுவருக்குப் பின்னால் போய் நின்றார்கள். கடைசியில் பணிய வைத்தது பசி. இன்று பார்த்தாலும் அந்த ஒரு மூலைக் கோபுரம் மட்டும் வட்டமாக இருக்கும், மற்ற மூன்றும் சதுரம்.

இந்த ஒரே சம்பவத்தில் ஒரு விளையாட்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது: தோண்டுகிற சத்தம், எதிர்ச்சுரங்கம், மரம், கொழுப்பு, பின்வாங்க இன்னொரு சுவர். 2001இல் வந்த ஸ்ட்ராங்ஹோல்டில் சுரங்கம் தோண்டுகிறவர்கள் உண்டு. 2004இன் ரோம் டோட்டல் வாரிலும் மதிலுக்கு அடியில் தோண்டலாம். அதே டோட்டல் வார் வரிசையில் அடுத்து வந்த மெடீவல் 2இல் அதை எடுத்தே விட்டார்கள். சுரங்கம் அதிகம் தேவைப்பட்ட காலத்தைப் பற்றிய விளையாட்டில் சுரங்கம் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

* * *

விளையாட்டுகளில் இல்லாதவற்றில் பேச்சுவார்த்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் கோட்டையை ஆங்கிலேயருக்காகக் காத்த தளபதி மோப்ரே, 1314 ஜூன் 24க்குள் உதவிப் படை வராவிட்டால் சாவியைத் தருகிறேன் என்று ஸ்காட்லாந்து மன்னரின் தம்பி எட்வர்ட் புரூஸுடன் ஒப்பந்தம் போட்டார். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய பானக்பர்ன் போர் மூண்டது அந்தக் கெடுவால்தான். மெடீவல் 2இல் உணவு தீரும் கடைசி டர்னில் (ஆட்டத்தின் ஒரு சுற்று) உள்ளே இருப்பவன் வெளியே வந்து மோத வேண்டும், இல்லாவிட்டால் படையோடு அழிய வேண்டும். கெடு வைத்துச் சரணடைய வழியில்லை.

* * *

மெடீவல் 2இன் பெரிய கோளாறு கடிகாரம். ஒரு டர்ன் என்பது 2 ஆண்டு. 1080 முதல் 1530 வரை 225 டர்ன். இடிமரம் செய்ய ஒரு டர்ன் காத்திருந்தால் நாட்காட்டியில் 2 ஆண்டு போய்விடும். எட்டு டர்ன் தாங்கும் கோட்டை 16 ஆண்டு பட்டினி கிடந்ததாகக் கணக்கு. நிஜத்தில் சிலுவைப்போர்க் காலத்து ஏக்கர் நகர முற்றுகை நீண்டது என்று பேசப்படுவதே இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு, 1189 முதல் 1191 வரை. தளபதிகளுக்கோ ஒரு டர்னுக்கு அரை வயதுதான் ஏறுகிறது.

திருத்தலாம். விளையாட்டின் தரவுகளைக் கட்டிவைத்திருக்கும் பேக் ஃபைல்களைப் பிரித்தெடுத்து, கேம்பெயின் ஃபோல்டரில் தொடக்க நிலையை வைத்திருக்கும் டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து, டைம்ஸ்கேல் 2.00 என்ற வரியை 0.50 ஆக்குங்கள். பிரித்த ஃபைலை முதலில் படிக்கும்படி செட்டிங்கையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மாற்றம் ஏறாது. புதிதாகத் தொடங்கும் ஆட்டத்தில்தான் தெரியும்.

* * *

ஒரு எச்சரிக்கை: 0.50 வைத்தால் வயதும் நாட்காட்டியும் பொருந்தும், ஆனால் மங்கோலியர் வருகை, வெடிமருந்து எல்லாம் ஆண்டுக்கணக்கில் வருபவை. நான்கு மடங்கு டர்ன் காத்திருக்க வேண்டிவரும், அதற்குள் வரைபடத்தில் பாதி உங்கள் கையில் இருக்கும். நிகழ்வுகள் ஃபைலிலும் ஆண்டுகளைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.