‘டுவெல்’ நேரத்துக்குத் தமிழ்: ஏற்றுநேரமா, ஊறுநேரமா?

அனுப்புநர்: டீச்சர், ஈப்போ

அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட் பட்டறை அண்ணன் தன்னிடம் தொழில் பழகும் பையன்களுக்காக எழுதிவரும் கையேட்டில், பற்றவைப்பு (இக்னிஷன்) அத்தியாயம் வரை வந்துவிட்டோம். டர்போ பூட்டிய காடிக்கு (காருக்கு) வெளிக்கடையில் பற்றவைப்புச் சாமான் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் அத்தியாயம். ஸ்பார்க்குக்குப் பொறி, காயிலுக்குச் சுருள், கெப்பாசிட்டருக்கு மின்தேக்கி என்று எழுதிக்கொண்டே போய் ‘டுவெல்’லில் நின்றுவிட்டேன். எஞ்சின் கணினி சுருளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. சில மில்லிநொடி கழித்து வெட்டுகிறது. வெட்டிய கணத்தில் பொறி. அந்தத் திறந்திருக்கும் நேரத்துக்குப் பெயர் வேண்டும்.

கோவைத் தம்பி ‘தங்குநேரம்’ என்றார். யாழ்ப்பாணத்து ஐயா ‘நிரம்புநேரம்’ என்றார். நான் ‘ஏற்றுநேரம்’ என்று எழுதி அனுப்பினேன். அண்ணன் அதை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘கூடாது’ என்று மட்டும் எழுதித் திருப்பியிருக்கிறார். காரணத்தைக் குழுவிலேயே சொல்லட்டும்.

*

அனுப்புநர்: பட்டறை, சுங்கை சிப்புட்

> காரணத்தைக் குழுவிலேயே சொல்லட்டும்.

சொல்கிறேன் டீச்சர். கொஞ்சம் நீளும்.

நம்ம பக்கத்துப் பையன்கள் முதன்முதலில் ஸ்பேனர் பிடிப்பது காடியில் இல்லை, கப்சாய் எனும் சின்ன மோட்டார்சைக்கிளில். செம்பனைத் தோட்டத்து லயத்தில் இன்றைக்கும் கார்புரேட்டர் வைத்த பழைய ஹோண்டா இஎக்ஸ்5 நிற்கும். அதில் இருப்பது சிடிஐ, அதாவது மின்தேக்கிவகைப் பற்றவைப்பு. அந்தக் கறுப்புப் பெட்டியைக் கழற்றி ‘ரேசிங் சிடிஐ’ மாட்டிப் பார்க்காத பையனைக் காண்பது அரிது. அதனால் சிடிஐ என்றாலே வேகம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு காடி வேலைக்கு வருகிறான். டர்போ எஞ்சின் மேட்டில் திணறினால், ‘ஒரு சிடிஐ பெட்டி போட்டுடலாம் அண்ணே’ என்கிறான்.

சிடிஐயில் மின்தேக்கி சில நூறு வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். நேரம் வந்ததும் தைரிஸ்டர் என்ற மின்கதவு திறக்க, அத்தனையும் சுருளில் கொட்டும். அங்கே சுருளின் வேலை வோல்ட்டைப் பெருக்கித் தருவது மட்டும்; எதையும் அது சேர்த்துவைப்பதில்லை. காடிகளில் வழக்கமாக வருவது வேறு இனம். 1910 வாக்கில் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் காடிலாக் காடிக்குச் செய்துகொடுத்த பேட்டரிப் பற்றவைப்பின் வாரிசு. இதில் சுருள்தான் களஞ்சியம். மின்சாரம் ஓட ஓட, சுருளில் காந்தப்புலம் வளரும். ஓட்டத்தை வெட்டினால் புலம் சரிந்து, பல ஆயிரம் வோல்ட்டாகப் பிளக்கின் வாயில் பாயும்.

ஆக, ‘ஏற்று’ என்ற சொல்லுக்கு ஏற்கனவே ஆள் இருக்கிறது: மின்தேக்கி. பேட்டரிக்கும் அதே சொல்தான். யாழ்ப்பாணத்துப் பாடநூலில் ‘ஏற்றம்’ என்பதே மின்னூட்டத்துக்குப் பெயர். அதை எடுத்துச் சுருளுக்கும் கொடுத்தால் பையன் இரண்டையும் ஒன்றாக நினைப்பான். நினைத்தால் என்ன நடக்கும்? மின்தேக்கியைக் குறித்த வோல்ட்டுக்கு ஏற்றிவிட்டு நிறுத்த அந்தப் பெட்டிக்கே தெரியும். சுருள் அப்படி இல்லை. கணினி அட்டவணையில் ‘ஏற்றுநேரம்’ என்று கண்டால், ஏற்றம் கூடினால் நல்லதுதானே என்று 3 மில்லிநொடியை 6 ஆக்குவான். புலம் ஓர் அளவுக்கு மேல் வளராது. மீதி மின்சாரம் முழுக்கச் சூடு. பிளக்கின் தலையிலேயே உட்காரும் புதுவகைச் சுருள்களில் டிரான்சிஸ்டரும் உள்ளேயே இருக்கும். அதுவும் சேர்ந்து கருகும்.

என் சொல் ‘ஊறுநேரம்’. பட்டறையில் வாய்க்கு வருவதும் அதுதான்: ‘காயில் இன்னும் ஊறலடா.’ தோசைக்கு உளுந்து ஊறுகிற கணக்குத்தான். அவசரப்பட்டால் அரைபடாது, மறந்துவிட்டால் நாறிப்போகும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் ஊறும், குளிர்ந்திருந்தால் நேரமாகும். சுருளுக்கும் பேட்டரி வோல்ட் அப்படி. 14 வோல்ட்டில் சுமார் 3 மில்லிநொடியில் ஊறுகிற சுருள், 10 வோல்ட்டில் சுமார் 5 கேட்கும். அதனால்தான் கணினியில் வோல்ட்டுக்கு ஏற்ப ஓர் அட்டவணையே இருக்கிறது. ஏற்று, நிரம்பு, தங்கு மூன்றிலும் இந்த ‘மிஞ்சினால் கெடும்’ என்ற எச்சரிக்கை இல்லை.

இப்போது சாமான் வாங்குகிற கதைக்கு வருகிறேன். இந்தச் சொல் தெளிவாக இருந்தால்தான் அதுவும் தெளியும்.

ஒரு புரோட்டான் வீரா காடி வந்தது. ஜப்பான் ஹாஃப்கட்டில் (பாதியாக வெட்டி இறக்கும் பழைய காடியில்) இருந்து எடுத்த டர்போ எஞ்சின். பட்டணத்துக்குள் ஒழுங்காக ஓடுகிறது. நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்தை நோக்கி மேடு ஏறும்போது, டர்போ தள்ளும் அழுத்தம் (பூஸ்ட்) 0.8 பாரைத் தொட்டதும் விக்குகிறது. காடிக்காரத் தம்பி சிடிஐ பெட்டிக்குக் காசோடு வந்திருந்தார்.

ஏன் விக்குகிறது? 1889இல் ஃபிரெட்ரிக் பாஷன் என்ற ஜெர்மன்காரர் அளந்து சொன்னது: இரு முனைகளுக்கு நடுவே பொறி பாய எத்தனை வோல்ட் தேவை என்பது, வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது. டர்போ அழுத்தத்தைக் கூட்டுகிறது. இடைவெளி அப்படியே இருந்தால் வோல்ட் எகிற வேண்டும். சுருளால் முடியாதபோது பொறி பாயாது, அல்லது வயரில் வெடிப்பு இருக்கும் இடம் பார்த்து வெளியே பாயும். ஆகவே முதல் மருந்து பெட்டி இல்லை. பிளக்கின் வாயை 1.1 மி.மீ.யில் இருந்து 0.75க்குச் சுருக்குவது. கூடவே ஒரு படி குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவது. (இங்கே ஒரு கண்ணி வைத்திருக்கிறார்கள்: என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி, போஷில் எண் கூடினால் சூடு. எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட்டு வாங்குகிறவர்கள் தலைகீழாக வாங்கிப் போகிறார்கள்.)

அடுத்தது, எஞ்சின் ஓடும்போது சுருளின் காலில் உண்மையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்ப்பது. எஞ்சின் மாற்றிய காடிகளில் எர்த் வயர் பெரும்பாலும் இழுத்துக் கட்டியதுதான். பேட்டரியில் 14 இருக்கும், சுருளில் 12 கூட இருக்காது. கணினியோ பேட்டரிக் கணக்கில் ஊறவைக்கும். சுருள் அரைகுறையாக ஊறி வெட்டுப்படும். வீராவிலும் இந்த இரண்டும்தான். எர்த்தும் பிளக்கும் மாற்றிய பிறகு மேட்டில் சத்தமில்லாமல் ஏறியது.

இதற்கும் அடங்காத எஞ்சின்கள் உண்டு. அப்போது வாங்கலாம். ஆனால் எதை?

டிஸ்ட்ரிபியூட்டரும் (பொறியைப் பிளக்குகளுக்கு முறைவைத்துப் பிரித்துவிடுவது) ஒற்றைச் சுருளும் உள்ள நாலு சிலிண்டர் எஞ்சினை எடுங்கள். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 10 மில்லிநொடி, அதில் இரண்டு பொறி. ஒரு பொறிக்கு 5 மில்லிநொடிதான். அதற்குள் ஊறவும் வேண்டும், பொறி எரிந்து தீரவும் வேண்டும். இங்கே சிடிஐ பெட்டி நியாயமான பதில். ஊறும் வேலையே அதற்கு இல்லை. கண் இமைப்பதற்குள் வோல்ட் ஏறிவிடுவதால் கரிபிடித்த பிளக்கிலும் பாயும். குறை, பொறியின் ஆயுள் மிகச் சிறிது. சுருள்வகையில் பொறி ஒரு மில்லிநொடிக்கு மேலும் நின்று எரியும். சிடிஐயில் அதில் ஒரு சிறு பங்குதான் வரும்.

அதை ஈடுகட்டத்தான் ஒரே அடிக்குப் பல பொறி என்று விற்கிறார்கள். எம்எஸ்டி 6ஏ மாதிரிப் பெட்டிகளில் கிராங்க் தண்டு 20 பாகை திரும்பும் வரை பொறி மேல் பொறி வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது சுமார் 3000 சுற்று வரைக்கும்தான். அதற்கு மேல் ஒரே பொறி. நம்ம டர்போ மூச்சு விடத் தொடங்குவதே பெரும்பாலும் அங்கிருந்துதான்! விளம்பரத்தில் காசு கொடுத்து வாங்குகிற பல பொறி, வேண்டிய இடத்தில் வருவதில்லை.

என் கட்சி வேறு. கணினியை மாற்றி அமைக்க வசதியுள்ள எஞ்சின் என்றால், ஒவ்வொரு பிளக்குக்கும் தனிச் சுருள் போடுங்கள். அதே 6000 சுற்றில் ஒவ்வொரு சுருளுக்கும் 20 மில்லிநொடி கிடைக்கும். தாராளமாக ஊறலாம். ஊறுநேரத்தைச் சுருள் செய்தவர் கொடுத்த அட்டவணைப்படி எழுதுங்கள், இணையத்தில் எவனோ கொடுத்ததைப் போடாதீர்கள். டிரான்சிஸ்டர் உள்ளே இருக்கும் சுருளை எந்தக் காரணத்துக்கும் சிடிஐ பெட்டியோடு இணைக்கக் கூடாது. முதல் அடியிலேயே செத்துவிடும்.

டைமிங் (பொறி விழும் நேரம்) பற்றித் தனி அத்தியாயம் இருப்பதால் விட்டுவிடுகிறேன். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி பற்றியும் அங்கேயே.

*

அனுப்புநர்: கோவை

அண்ணா, விளக்கம் அருமை. ஆனால் ‘டுவெல்’ என்ற பெயர் பழைய பாயிண்ட் வண்டியில் இருந்து வந்தது. சுருளின் மின்சாரத்தை விட்டு வெட்டுகிற தொடுமுனைகள்தான் பாயிண்ட்; அவை இரண்டும் மூடியபடி தங்கியிருக்கிற கோணம் அது. ஆகவே ‘தங்கு’ மூலத்துக்கு விசுவாசமானது. இன்னொன்று: ‘ஊறு’ என்றால் தீங்கு. ‘ஊறு விளைவித்தல்’ என்று நாளிதழில்கூட வருகிறது. மாணவன் ஊறுநேரத்தை ஆபத்து நேரம் என்று படித்தால்?

*

அனுப்புநர்: கிள்ளான்

அண்ணன் மன்னிக்கணும். நான் வளர்ந்த தோட்டத்தில் ‘ஊறல்’ என்றால் செடிமறைவில் பானையில் கிடக்கிற ஒன்றே ஒன்றுதான். சம்சு (கள்ளச் சாராயம்) காய்ச்சியவர்களைத் தேடிப் போலீஸ் வருகிறபோது கேட்கிற சொல். பாட்டி உயிரோடு இருந்திருந்தால், ‘காயில் ஊறலையா?’ என்று கேட்கிற பட்டறைக்கு என்னை அனுப்பியிருக்க மாட்டார்.

மலாய்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். ஸ்பார்க் பிளக்குக்கு ‘பலாம் பென்சுச்சோ’. ‘சுச்சோ’ என்றால் நெருப்பு வைப்பது. வீட்டில் புழங்குகிற வினையையே எடுத்திருக்கிறார்கள். அந்த வகையில் ‘ஊறு’ எனக்குப் பிடித்திருக்கிறது. பாட்டிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

*

அனுப்புநர்: பட்டறை, சுங்கை சிப்புட்

> ‘தங்கு’ மூலத்துக்கு விசுவாசமானது.

தம்பி, மூலத்துக்கு விசுவாசமாக இருந்து நமக்கு என்ன லாபம்? பாயிண்ட் காலத்தில் கோணம் மாறாது, நேரம் மாறும். நாலு சிலிண்டர் டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு பொறிக்கு உள்ள 90 பாகையில் சுமார் 50 பாகை மூடியிருக்கும். 1000 சுற்றில் அது கிட்டத்தட்ட 17 மில்லிநொடி. 6000 சுற்றில் 3 கூட இல்லை. இன்றைய கணினி அதைத் தலைகீழாக்கிவிட்டது. நேரத்தை வைத்துக்கொண்டு கோணத்தை மாற்றுகிறது. இப்போது எதுவும் எங்கும் தங்குவதில்லை. ‘தங்குநேரம்’ என்று எழுதினால், தங்குவது எது என்று பையன் கேட்பான். மின்சாரமா? அது ஓடிக்கொண்டிருக்கிறது. பொறியா? அது இன்னும் வரவே இல்லை.

‘ஊறு’ தீங்கு என்பதற்கு: ஊறுகாயைத் தீங்குகாய் என்று யாரும் படித்ததில்லை. அதே வினைத்தொகைதான் இதுவும். நேரம் மிஞ்சினால் சுருளுக்கு ஊறு விளையும் என்பதும் உண்மை. இரண்டு பொருளும் சேர்ந்தே உட்காரட்டும்.

கிள்ளான் தங்கச்சிக்கு: பாட்டியிடம் சொல்லுங்கள், ‘ஊறல்’ என்று பெயர்ச்சொல்லாக எங்கும் எழுதப் போவதில்லை. ‘ஊறுநேரம்’, ‘ஊறும்’, ‘ஊறவில்லை’ மட்டும்தான்.

*

அனுப்புநர்: யாழ்ப்பாணம்

பட்டறைத் தம்பியின் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. ‘நிரம்பு’வை நான் விட்டுவிடுகிறேன், வேறொரு காரணத்துக்காக. எங்களுடைய பாடநூல்களில் ‘நிரம்பல்’ என்பது ஒரு முடிவு நிலை. தமிழ்நாட்டார் ‘தெவிட்டல்’ என்கிற அதே நிலை. சுருளின் அகணி (நடுவில் உள்ள இரும்பு) காந்தத்தால் நிரம்பும் முன்னரே மின்னை வெட்டுவதுதான் நல்ல வடிவமைப்பு. ‘நிரம்புநேரம்’ என்றால் நிரம்பும்வரை விடச் சொல்வதாகிவிடும். அந்தச் சொல்லை அந்த எல்லைக்கே வைத்துக்கொள்வோம். ஊறுநேரம் நிரம்பல் எல்லையைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி எழுதும்போது, இரண்டு சொல்லும் வேண்டிவரும்.

மின்தேக்கியை நாங்கள் கொள்ளளவி என்போம். அது உங்கள் கையேட்டில் எப்படி இருந்தாலும் எனக்கு வழக்கில்லை.

*

அனுப்புநர்: டீச்சர், ஈப்போ

அட்டவணைத் தலைப்புகளை மாற்றிவிட்டேன். சுருளுக்கு ‘ஊறுநேரம் (மில்லிநொடி)’. சிடிஐ பெட்டிக்கு ‘ஏற்று வோல்ட்’. அதன் ஊறுநேரக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும். ஐயா சொன்ன நிரம்பல் வரியை அடிக்குறிப்பாக இல்லாமல் அட்டவணைக்கு மேலேயே வைத்திருக்கிறேன். கோவைத் தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை என்பது தெரியும். பாயிண்ட் வண்டிக்கு மட்டும் ‘தங்குகோணம்’ என்று அவர் சொல்லையே வைத்துக்கொள்ளலாமா?

*

அனுப்புநர்: பட்டறை, சுங்கை சிப்புட்

வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். அங்கே உண்மையிலேயே பாயிண்ட் தங்குகிறது. டட்சன் 120ஒய் வைத்திருக்கிற பெரியவர்கள் இன்னும் வருகிறார்கள்; அவர்களுக்குக் கோணம் சொன்னால்தான் புரியும். ஒரே ஒரு திருத்தம்: சிடிஐ வரிசையில், சுருளின் முனைகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் வரும், கை வைக்காதே என்று தடித்த எழுத்தில் போடுங்கள். கப்சாயில் பழகிய கை, காடியிலும் அப்படியே தொடும்.