மார்ச்சில் யோசெமிட்டி – டெத் வேலி: மேப் முன்பு 6 மணி நேரம் காட்டியது, இப்போது 8க்கு மேல் காட்டுகிறது. எது சரி?

வழிப்போக்கன்

வணக்கம். மார்ச் இரண்டாவது வாரம் கலிஃபோர்னியா போகிறோம். நான், மனைவி, அப்பா, அம்மா. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி வாடகைக் கார் எடுத்து முதலில் யோசெமிட்டி தேசியப் பூங்கா. அங்கிருந்து டயோகா கணவாய் வழியாக மலையைத் தாண்டி லோன் பைன் என்ற ஊர், அப்புறம் டெத் வேலி பாலைவனப் பூங்கா. கடைசியில் லாஸ் வேகாஸில் காரை விட்டுவிட்டு விமானம். டிக்கெட்டை மாற்ற முடியாது. தங்குமிடம் எதுவும் இன்னும் போடவில்லை.

சிக்கல் இதுதான். போன கோடையில் பார்த்தபோது யோசெமிட்டியிலிருந்து டெத் வேலிக்கு கூகுள் மேப் ஏறக்குறைய 6 மணி நேரம் காட்டியது. நேற்று பார்த்தால் 8 மணி நேரத்துக்கு மேல், அதுவும் தெற்கே ஃப்ரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்ட் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு. ஆப்பை அழித்து மறுபடி போட்டும் அதே கதை. எங்கே கோளாறு?

இன்னும் சில சந்தேகங்கள்: பாலைவனத்துக்கு ஸ்வெட்டர் தேவையா? பூக்கள் பார்க்கலாமா? தானாக நகரும் கற்களைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அவருக்கு முழங்கால் வலி உண்டு.

கிழக்குச்சரிவு

ஆப்பில் கோளாறு இல்லை. டயோகா மூடியிருக்கிறது, மேப் அதைத்தான் சொல்கிறது.

3,031 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாய் அது. வழக்கமாக நவம்பரில் பனி விழுந்ததும் மூடுவார்கள், மே கடைசியிலோ ஜூனிலோ திறப்பார்கள். 2023இல் பனி அதிகம் என்று ஜூலை 22 வரை திறக்கவில்லை. மார்ச்சில் திறக்க வாய்ப்பே இல்லை. அதன் வடக்கே உள்ள சோனோரா, எபெட்ஸ் கணவாய்களுக்கும் இதே கதிதான். தாஹோ ஏரிப் பக்கம் போகும் 88ஆம் நெடுஞ்சாலையை விட்டால், தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டுக்குக் கிழக்கில் இருக்கும் வாக்கர் கணவாய் வரை சியரா நெவாடாவைக் குறுக்கே தாண்ட குளிர்காலத்தில் கார்ச்சாலை கிடையாது.

பாலைவனம் என்றதும் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மார்ச் பயணத்தைத் தீர்மானிப்பது வெயில் அல்ல, மலைப்பனி. எந்தச் சாலை திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள்.

என் யோசனை, யோசெமிட்டியை விட்டுவிடுங்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நேராகத் தெற்கே இறங்கினால் ஒரு நாள் மிச்சமாகும்.

நீர்வீழ்ச்சிப் பிரியை

அவ்வளவு தூரம் போய் யோசெமிட்டியை விடச் சொல்வது அநியாயம்! பள்ளத்தாக்கு வெறும் 1,200 மீட்டர் உயரம்தான், ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். மேலே பனி, கீழே அருவி என்று மார்ச்சில் அது தனி அழகு. கோடைக் கூட்டமும் இருக்காது. கீழ் யோசெமிட்டி அருவிக்கான பாதை அப்பாவுக்கும் சிரமமாக இராது.

மெர்சிட் பக்கமிருந்து எல் போர்ட்டல் வழியாக வரும் 140ஆம் சாலையில் போங்கள். பூங்காவுக்குள் நுழையும் சாலைகளில் அதுதான் தாழ்வானது, பனித் தொல்லை குறைவு. ஆனால் டயர்ச் சங்கிலி கையில் இருக்க வேண்டும். மார்ச் மாதத்தில் பூங்காவுக்குள் எப்போது வேண்டுமானாலும் கட்டாயமாக்குவார்கள், நான்கு சக்கரமும் இயங்கும் (4WD) வண்டிக்கும் இந்த விதி உண்டு. வாடகை ஒப்பந்தம் சங்கிலி மாட்ட அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

வழிப்போக்கன்

இரண்டு பேருக்கும் நன்றி. டயோகா திறந்திருந்த கோடையில் மேப்பைப் பார்த்ததால் வந்த குழப்பம் என்று இப்போது புரிகிறது. அம்மா அருவியை விட மாட்டார், அதனால் யோசெமிட்டி உண்டு. எட்டு மணி நேரத்தை ஒரே நாளில் ஓட்டலாமா?

கிழக்குச்சரிவு

ஓட்டலாம், ஆனால் வயதானவர்களை வைத்துக்கொண்டு வேண்டாம். பேக்கர்ஸ்ஃபீல்டில் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் 58ஆம் நெடுஞ்சாலையில் தெஹாச்சப்பி மலை ஏறி இறங்கி, 14ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் ரெட் ராக் கேன்யன் வரும். அப்புறம் ரிட்ஜ்கிரெஸ்ட், ட்ரோனா, பனமிண்ட் பள்ளத்தாக்கு. இந்தக் கடைசிப் பகுதியில் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு, போன் சிக்னலும் பெரும்பாலும் கிடைக்காது. ரிட்ஜ்கிரெஸ்டில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் ஃபர்னஸ் கிரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பனமிண்ட் ஸ்பிரிங்ஸ் மூன்று இடங்களில் பெட்ரோல் உண்டு, ஆனால் விலை அதிகம். ஆஃப்லைன் மேப்பை இறக்கி வையுங்கள், காகித வரைபடமும் ஒன்று இருக்கட்டும். வண்டியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர்.

உப்புத்தரை

டெத் வேலி பற்றி நான் சொல்கிறேன்.

ஸ்வெட்டர் கட்டாயம். 1913இல் 56.7 டிகிரி பதிவான இடம் என்ற பெயரைக் கேட்டு எல்லோரும் பருத்திச் சட்டையோடு வந்துவிடுகிறார்கள். மார்ச்சில் ஃபர்னஸ் கிரீக்கில் பகலில் சராசரியாக 28, இரவில் 13 டிகிரி. ஆனால் இந்தப் பூங்காவில் வானிலை என்பது உயரத்தைப் பொறுத்தது. பேட்வாட்டர் உப்புத்தரை கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, அதற்கு நேர் மேலே இருக்கும் டான்ட்டேஸ் வியூ காட்சிமுனை கடல்மட்டத்துக்கு 1,669 மீட்டர் மேலே. காரில் ஏறி இறங்கும் நேரத்தில் 10 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும், போதாததற்குக் காற்று வேறு. டெலஸ்கோப் சிகரம் 3,366 மீட்டர், அதன் தலையில் அப்போதும் பனி இருக்கும்.

நகரும் கற்கள் இருக்கும் ரேஸ்டிராக் பிளாயாவை விட்டுவிடுங்கள். உபெஹெபி எரிமலை வாயிலிருந்து சுமார் 43 கிலோமீட்டர் மண்பாதை, கூர்மையான கற்கள், சாதாரண டயர் தாங்காது. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்சாலையையே தடை செய்கின்றன. அங்கே டயர் போனால் இழுத்து வரும் செலவு உங்கள் தலையில்தான். தவிர, போனாலும் கல் நகர்வதைப் பார்க்க முடியாது. தரையில் தேங்கும் நீர் இரவில் மெல்லிய பனித்தகடாக உறைந்து, காலையில் உடைந்து, இளங்காற்றில் கற்களைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பது 2014இல் வெளியான ஆய்வில் தெளிவானது. அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், பாதி ஆசை தீரும்!

அவருக்கு ஏற்றவை: ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ், டான்ட்டேஸ் வியூ இரண்டிலும் காரை விட்டு அதிகம் நடக்க வேண்டாம். பேட்வாட்டர் சமதரை. ஸப்ரிஸ்கி பாயிண்டில் கொஞ்சம் ஏற்றம் இருக்கிறது, பாதை நன்றாகப் போட்டது, மெதுவாக ஏறலாம்.

பூக்களுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. இலையுதிர்காலம் தொடங்கி குளிர்காலம் வரை இடைவெளி விட்டு நல்ல மழை வேண்டும், அப்புறம் உலர்காற்று அடிக்காமல் இருக்க வேண்டும். 2005, 2016 போன்ற ஆண்டுகள் அபூர்வம். தாழ்வான பகுதிகளில் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பூக்கும் காலம் என்பதால் உங்கள் தேதி நல்ல தேதிதான்.

வழிப்போக்கன்

அருமை. அப்படியானால்: 140 வழியாக யோசெமிட்டி, பேக்கர்ஸ்ஃபீல்டில் ஓர் இரவு, டெத் வேலியில் இரண்டு இரவு, லோன் பைனில் ஓர் இரவு, திரும்ப டெத் வேலி வழியாக வேகாஸ். லோன் பைன் இவ்வளவு சுற்றலுக்குத் தகுமா?

கிழக்குச்சரிவு

தகும், ஆனால் வரிசையை மாற்றுங்கள். பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து 14, 395 வழியாக நேராக லோன் பைன் போய்விட்டு, அங்கிருந்து கிழக்கே டெத் வேலிக்கு இறங்குங்கள். திரும்பி வரும் வேலையே இல்லை. காலை முதல் வெளிச்சத்தில் அலபாமா குன்றுகளுக்குப் போனால் 4,421 மீட்டர் விட்னி சிகரம் கண்ணெதிரே நிற்கும். விட்னி போர்ட்டல் சாலை மேல்பகுதியில் பனியால் மூடியிருக்கும், பிஷப்புக்கு அருகே உள்ள பிரிஸில்கோன் பைன் காட்டுச் சாலையும் அப்படியே. அவற்றைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

உப்புத்தரை

தங்குமிடத்தை இன்றே போடுங்கள். மார்ச்சில் பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். உள்ளே கிடைக்காவிட்டால் நெவாடா பக்கம் பீட்டி என்ற ஊர் இருக்கிறது. மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், உங்கள் தேதி அதில் விழுகிறதா பாருங்கள். சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் அன்றைக்குக் குழம்புவார்கள்.

வழிப்போக்கன்

விழுகிறது. பீட்டியில் இரண்டு இரவு போட்டுவிட்டேன். சங்கிலி விஷயம் கார் நிறுவனத்திடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.