பின் டயரின் உள்பக்கம் ஈரம், பிரேக் ஆயில் குறைகிறது: வீல் சிலிண்டரா?

முகில்ஓட்டி:
வணக்கம். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம் உள்ள கார். இடது பின் டயரின் உள்பக்கச் சுவரில் ஈரம் வழிந்த கோடு தெரியுது. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கிட்டே போகுது, பெடலும் முன்னைவிடக் கீழே போய்த்தான் பிடிக்குது. பிரேக் ஷூ மாத்தி அதிக நாள் ஆகலை. வீல் சிலிண்டர் (டிரம்முக்குள்ள பிரேக் ஷூவைத் தள்ளும் சின்ன சிலிண்டர்) கசியுதுன்னு நினைக்கிறேன். கப் கிட் (உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள்) மட்டும் போட்டால் போதுமா, சிலிண்டரையே மாத்தணுமா? நானே செய்யலாமா?

ஸ்பேனர்செட்:
சரி பண்ணும்வரை வண்டியை எடுக்காதீங்க. இரட்டை சர்க்யூட் (பிரேக் ஆயில் ரெண்டு தனித்தனி வழியாப் போகும் அமைப்பு) உள்ள வண்டியில் ஒரு பாதி போனாலும் மறுபாதி பிடிக்கும். ஆனால் நிற்க ஆகும் தூரம் ரொம்ப நீளும்.

வழியறது எந்த ஆயில்னு முதல்ல பாருங்க. பின் சக்கரம் ஓட்டும் வண்டின்னா ஆக்சில் சீல் கசிஞ்சு கியர் ஆயிலும் அதே இடத்துல வரும். அது கெட்டியா, கந்தக வாடையோட இருக்கும், தண்ணி ஊத்தினாலும் போகாது. பிரேக் ஆயில் நீர்த்திருக்கும், தண்ணியில கரைஞ்சு போயிடும். டப்பாவிலும் அளவு குறையறதால சிலிண்டர் மேலதான் எனக்கும் சந்தேகம். டிரம்மைக் கழட்டி, சிலிண்டர் முனைகளில் உள்ள ரப்பர் பூட்டை (தூசி போகாம மூடியிருக்கும் உறையை) லேசா விலக்குங்க. உள்ளே ஆயில் தேங்கி நின்னா முடிவே பண்ணிடலாம்.

ஷூ மாத்தினதைச் சொன்னது நல்லது. சிலிண்டருக்குள்ள ரெண்டு பிஸ்டன், நடுவுல ஸ்பிரிங். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் உள்பக்கம் ஒரு ரப்பர் கப். அதன் உதடு ஆயில் பக்கம் பார்த்திருக்கும். பெடல் மிதிச்சா அழுத்தம் உதட்டை விரிச்சுச் சுவரோட இறுக்கும், பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து ஷூவை டிரம்மில் அழுத்தும். லைனிங் (ஷூ மேல இருக்கும் உராயும் பட்டை) தேயத் தேய, பிஸ்டன்கள் இன்னும் வெளியே தள்ளியே வேலை செய்யும். கப் தொடாத உள்பகுதியில், ஆயில் இழுத்துக்கிட்ட ஈரத்தால் துரு பிடிச்சுக் குழி விழும். புது ஷூ தடிமனானது. அதைப் போட்டதும் கப் அந்தக் குழிகள் மேலேயே போய் உட்காரும், உதடு கிழியும். ஷூ மாத்தின கொஞ்ச நாள்ல கசிவு வர இது ஒரு முக்கியக் காரணம். குழி விழுந்த சுவரில் புது கப்பும் நிற்காது. சிலிண்டரையே மாத்துங்க, ரெண்டு பக்கமும்.

முகில்ஓட்டி:
பூட்டை விலக்கினதும் ஆயில் கொட்டுச்சு அண்ணா. இடப்பக்க ஷூவும் நனைஞ்சிருக்கு. கழுவிப் போடலாமா?

சாலைநடை:
வேண்டாம் சகோ. லைனிங் ஆயிலை உறிஞ்சிக்கும், சூடாகும்போது திரும்பக் கக்கும். அந்தப் பக்கம் சில நேரம் பிடிக்காது, சில நேரம் சட்டுனு கவ்வும், வண்டி திரும்பிடும். ரெண்டு பக்கமும் புது ஷூ போடுங்க.

வேலையில கவனிக்க வேண்டியவை: முன் சக்கரங்களுக்கு அடை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்ட் வச்சு, ஹேண்ட் பிரேக்கை விடுவிங்க. டிரம் தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நனைச்சே துடைக்கணும். ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் பிரிச்சா, ஸ்பிரிங் எது எங்கேன்னு மறுபக்கத்தைப் பார்த்துக்கலாம்.

பெரிய தொல்லை குழாய் நட்டுதான். துருப்பிடிச்சிருக்கும், சாதா ஸ்பேனர் போட்டா முனை மழுங்கிடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊற வச்சு, ஃபிளேர் நட் ஸ்பேனரால (நட்டைச் சுத்தி அதிகப் பக்கம் பிடிக்கும் ஸ்பேனர்) திருப்புங்க. புது சிலிண்டர் மாட்டும்போது போல்ட்டை முடுக்கும் முன்னாடியே குழாய் நட்டைக் கையால ஏத்திடுங்க. சிலிண்டர் ஆடிக்கிட்டு இருந்தாத்தான் மரை நேரா பிடிக்கும், குறுக்கே ஏறாது.

ஆயில் டப்பா மூடியில் எழுதியிருக்கிறதே போடுங்க, பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. எஞ்சின் ஆயில், கிரீஸ் கப்பில் படக்கூடாது, ரப்பர் ஊதிப்போகும். பெயிண்ட்ல பிரேக் ஆயில் சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. டிரம் போடாம பெடல் மிதிக்காதீங்க, பிஸ்டன் வெளியே வந்துடும்.

ஸ்பேனர்செட்:
ஏர் எடுக்கும்போது (குழாயில் புகுந்த காத்தை வெளியேத்தும்போது) பெடலை அடிவரை மிதிக்க விடாதீங்க. பழைய மாஸ்டர் சிலிண்டர்ல (பெடல் தள்ளும் முதன்மை சிலிண்டர்) சீல் வழக்கமாப் போகாத பகுதிக்குப் போனா அதுவும் கசிய ஆரம்பிக்கும். பெடலுக்குக் கீழே மரத்துண்டு வைங்க. டப்பா காலியாகவே கூடாது.

முகில்ஓட்டி:
மாட்டியாச்சு, ஏர் எடுத்தாச்சு, கசிவு இல்லை. ஆனா முதல் மிதியில் பெடல் கீழே போகுது, ரெண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியா நிக்குது. இன்னும் ஏர் இருக்கா?

ஸ்பேனர்செட்:
பஞ்சு மாதிரி அமுங்கினாத்தான் ஏர். ரெண்டாவது மிதியில் கெட்டியா வந்தா, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திட்டு, சக்கரம் லேசா உரசுற அளவுக்கு அட்ஜஸ்டரை (ஷூவை டிரம் பக்கம் நகர்த்தும் திருகை) திருப்பி, பிறகு உரசல் போகும்வரை கொஞ்சம் பின்வாங்குங்க. கேபிளைக் கடைசியாத்தான் இழுக்கணும். அப்புறம் காலியான இடத்துல மெதுவா ஓட்டி நிறுத்திப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா பிடிக்கணும்.